காயத்ரி அம்மாவின் நாத்தனார்

எனக்கு வாய் நீளம். கடலூர் முதுநகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுவேலை செய்கிற பெண்களுக்காக நாங்கள் வைத்திருக்கிற சங்கத்தில் என்னைத் தலைவியாக்கியதே இந்த வாய்க்காகத்தான். அப்படிப்பட்ட தனக்கோடி ஒரு வீட்டுக் கூடத்தில் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உட்கார்ந்திருந்தேன். விருத்தாம்பாள் கேட்டுக்கொண்டாள், அதனால்தான்.

விருத்தாம்பாளும் நானும் சிங்காரத்தோப்பில் ஒரே தெரு. கல்யாணமாகி வந்த நாள் முதல் இரண்டு பேரும் மீன் விற்றவர்கள். நான் கடலூரிலேயே தெருத் தெருவாகப் போவேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிச் சிதம்பரம் போவாள். அங்கே போனால்தான் மீனுக்கு மரியாதை என்பாள். சொன்ன விலையைக் குறைக்க மாட்டாள், கெட்ட மீனை ஒருநாளும் விற்கவும் மாட்டாள். வடக்கு வீதிக்குப் பின்னால் வைத்திலிங்கம் ஐயா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம்தான் வாங்குவார்கள். ஐயா அரசாங்க உத்தியோகம். அவர் சம்சாரம் காயத்ரி அம்மா.

சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விருத்தாம்பாள் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே டிவியில் சேதி ஓடியது. பஸ் இல்லை, ரயில் இல்லை. வைத்திலிங்கம் ஐயா உடனே ஸ்கூட்டரை எடுத்து, மீன் ஈரம் காயாத சேலையோடு அவளைப் பின்னால் உட்காரவைத்து, போக முடிந்த தூரம்வரை கொண்டுவந்து விட்டார். அவள் புருஷன் பக்கிரி அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவன். பாலத்துக்குக் கீழே பிணமாகக் கிடைத்தான்.

அந்த ஸ்கூட்டரை அவள் மறந்ததே இல்லை. "அவுரு மட்டும் அன்னிக்கிக் கொண்டாந்து வுடலன்னா எம்புருஷன் மொகத்தக்கூட பாத்திருக்க மாட்டேன் தனக்கோடி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! நானும் அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அவர் செய்தது பெரிய காரியம்.

அதற்குப் பிறகு மாசக்கணக்கில் எங்களிடம் யாரும் மீன் வாங்கவில்லை. பிணம் தின்ற மீன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொண்ணு பொன்னியை வைத்துக்கொண்டு விருத்தாம்பாள் பட்டினி கிடந்தாள். காயத்ரி அம்மாதான் ஆள் சொல்லி அனுப்பி, கூடையை விட்டுவிட்டு வீட்டுவேலைக்கு வந்துவிடச் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது இருபது வருஷம் ஓடியது. அதே ரயில், அதே பெட்டி, கூடை மட்டும் இல்லை.

பாத்திரம், துணி, வீடு துடைப்பது, மாவு அரைப்பது, மீன் கழுவி அரிவது எல்லாம் அவள்தான். ஐயாவின் தாயார் படுக்கையில் விழுந்தபோது பீ மூத்திரம் எடுத்தவளும் அவள்தான். அந்த வீட்டுப் பெண் சரண்யா அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். கொல்லைப்பக்கத்து ஜன்னல் திட்டில் அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். மற்ற டம்ளரோடு கலந்துவிடக் கூடாதென்று, சரண்யா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அதன் விளிம்புக்குக் கீழே சிவப்பு நெயில் பாலீஷில் ஒரு பொட்டு வைத்தது. அழிந்தால் மறுபடி வைப்பார்கள். விருத்தாம்பாள் அதை ஒரு குறையாகச் சொன்னதே கிடையாது. எங்களில் யார்தான் சொல்கிறோம்? மீன்கூடையை விட்டபிறகு மஞ்சக்குப்பத்தில் நான் வேலை செய்கிற வீடுகளிலும் எனக்குத் தனி டம்ளர் உண்டு. வீட்டு வழக்கம் என்று விட்டுவிடுவோம்.

சங்கத்தில் இன்சூரன்ஸ் எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண் ஒருத்தி மாடிப்படி துடைக்கும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அடுத்த வாரம் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் நாங்கள் ஒரு கம்பெனியிடம் நடையாய் நடந்து பேசி முடித்தோம். வேலை செய்கிற வீட்டில், வேலை செய்யும்போது அடிபட்டால் கம்பெனி பணம் தரும். கம்பெனி ஆள் அந்த வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அங்கே வேலை செய்யும்போதுதான் அடிபட்டது என்று தெரிந்தால் போதும். "சட்டி கழுவறதுக்கு இன்சூரன்ஸா?" என்று பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விருத்தாம்பாள் நான் திட்டின திட்டுக்குப் பயந்து சேர்ந்தாள்.

போன பொங்கலுக்கு முன்னால் அவள் விழுந்தாள். போகி வந்தால் எங்களுக்கு இடுப்பொடிகிற வேலை என்று சும்மா சொல்வோம், அவளுக்கு நிஜமாகவே ஒடிந்தது. பரண்மேல் இருந்த வெண்கலப் பானையை எடுக்க மேசைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பானையைப் பத்திரமாகக் காயத்ரி அம்மா கையில் இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தாள். பானைக்கு ஒரு கீறல் இல்லை.

காரில் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வழியில் ஐயாவுக்குப் போன் செய்த யாரோ ஒரு மகராசன், வேலைக்காரி விழுந்தாள் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறான். டாக்டர், யார் இவங்க, எப்படி விழுந்தாங்க என்று கேட்டதும் காயத்ரி அம்மா சட்டென்று சொல்லிவிட்டார்.

"எங்க நாத்தனார் டாக்டர். பொங்கலுக்கு வந்திருந்தாங்க. வழுக்கி விழுந்துட்டாங்க."

டாக்டர் விருத்தாம்பாளைப் பார்த்தார். அவள் அந்த வலியிலும் தலையை ஆட்டி, "ஆமாங்க, எங்க அண்ணன் வூடு" என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் நான் பார்க்கப் போனபோது காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனால், முகமெல்லாம் சிரிப்பு.

"தனக்கோடி, பெரிய டாக்டர் எதிர்லயே நாத்தனார்னு சொன்னாங்கடி! நர்ஸம்மால்லாம் ஒங்க அண்ணி வந்திருக்காங்கங்குது. நானும் அண்ணின்னே கூப்புடறேன். அவுங்க ஒண்ணும் சொல்லல."

கூடப் பிறந்தவர்கள் இல்லாதவள். புருஷனையும் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, கோபமும் பற்றிக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி! ஒந்தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியே! இன்சூரன்ஸுக்கு இன்னா சொல்லுவே?"

"போடி, ஒனக்கு எப்பப் பாத்தாலும் இன்சூரன்ஸு" என்றாள்.

எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. நான்கு கால் வாக்கர் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. குனிய முடியாது, தரையில் உட்கார முடியாது, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. இனி வீட்டுவேலை கிடையாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். முதலில் காயத்ரி அம்மா வாரா வாரம் வந்தார். பழம், ஹார்லிக்ஸ், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் கொடுத்தார். "நாங்க இருக்கோம் விருத்தா, கடைசி வரைக்கும் பாத்துக்குவோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் போனில் மட்டும் பேசினார். அப்புறம் இவள் கூப்பிட்டால் எடுத்துப் பேசினார். பங்குனியில் அங்கே வேறு ஆள் வேலைக்கு வந்துவிட்டாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மறந்துபோவது மனுஷ இயல்புதான். ஆனால் மறந்துபோகிறவர்களை நம்பி வயிறு காத்திருக்குமா?

சங்கத்திலிருந்து கம்பெனிக்கு எழுதிப் போட்டோம், பதில் வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவில் இவர் அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த சொந்தக்காரர் என்று இருக்கிறது, சொந்தக்காரர் விழுந்ததற்கு இந்தக் காப்பீடு பொருந்தாது என்றார்கள். நான் போய்க் கத்தினேன். சரி, நேரில் வந்து விசாரிக்கிறோம், அந்த வீட்டிலேயே எல்லோரும் இருங்கள் என்று நாள் குறித்தார்கள்.

அந்தப் பணம் வராவிட்டால் அவளுக்குப் போக்கிடம் ஒன்றுதான். பொன்னியைப் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கப் போய் ஓட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்துபோன பெண். மாமியார், மாமனார், பிள்ளைகள் என்று ஒரே அறையில் இருக்கிறார்கள். அங்கே போய் வாக்கரோடு ஒரு மூலையில் உட்கார வேண்டும். "மருமவன் வூட்ல குந்திகினு தின்ன மாட்டேன். அதுக்குக் கடல்ல போயி வுழலாம்" என்பாள் விருத்தாம்பாள். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த வீட்டில், பக்கிரியின் போட்டோவுக்குக் கீழே, தன் கையால் காய்ச்சின கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்கு அந்தப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் அவள் தன்னை அந்த வீட்டு வேலைக்காரி என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள்!

"உப்பத் தின்னவடி நானு. அவுங்க எதிர்ல நின்னு நான் உங்க சொந்தமில்ல, வேலக்காரின்னு எப்பிடிச் சொல்லுவேன்? அவுங்க வாயால நாத்தனார்னு சொன்னாங்க. அத நானே இல்லன்னு சொல்லணுமா?"

"அப்ப பொன்னி வூட்டு மூலையில போயிக் குந்திக்க."

"அண்ணன் நல்லவரு. அவுரா உண்மையச் சொன்னா சொல்லட்டும். நானாச் சொல்ல மாட்டேன். நீயும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தியோ, எம்பொணத்துக்குக்கூட நீ வரக் கூடாது. ஆமா!"

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். இப்படித்தான் என் வாய்க்குப் பூட்டு விழுந்தது.

கம்பெனி ஆள் பெயர் அருண்குமார். சின்ன வயசு, சாந்தமான முகம். கூடத்தில் சோபாவில் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விருத்தாம்பாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தரையில் உட்கார முடிந்திருந்தால் தரையில்தான் உட்கார்ந்திருப்பாள். இருபது வருஷமாகத் துடைத்த கூடத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்ததும் சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

அருண்குமார் ஐயாவிடம் கேட்டார். "சார், இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என்ன துடை, என்ன துடை! கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும். விருத்தாம்பாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் திறப்பதற்குள் காயத்ரி அம்மா முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டு மனுஷி சார். எங்களுக்குச் சொந்தம்தான். எம்பொண்ணு அத்தைன்னுதான் கூப்புடுவா. கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க, அவ்வளவுதான். வேலக்காரின்னெல்லாம் நாங்க ஒருநாளும் நெனச்சதே இல்ல."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. பயமும் இருந்தது, பாசமும் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய்யென்றால் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம். இதை எங்கே போய்க் கேட்பது? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அருண்குமார் விருத்தாம்பாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அன்னிக்கி இங்க வேலைக்கு வந்தீங்களா, விருந்தாளியா வந்தீங்களா?"

விருத்தாம்பாள் காயத்ரி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி சொன்னா சரிதாங்க" என்றாள்.

போச்சு! எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பொன்னி வீட்டு மூலைதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. காயத்ரி அம்மாவுக்கு உயிர் வந்தது. "இருங்க சார், காபி கொண்டாரேன்" என்று உள்ளே போனார். புது வேலைக்காரி அன்றைக்கு வரவில்லைபோலிருக்கிறது, அவரே போட்டுக் கொண்டுவந்தார்.

தட்டில் இரண்டு டம்ளர் டவரா, அருண்குமாருக்கும் ஐயாவுக்கும். எனக்கு ஒரு பேப்பர் கப். இன்னொரு கையில் தனியாக ஒரு டம்ளர். அதை விருத்தாம்பாளிடம் நீட்டினார். விளிம்புக்குக் கீழே சிவப்புப் பொட்டு.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷம் பழகின கை. வாய் நாத்தனார் என்று சொன்னாலும், கை தானாகக் கொல்லைப்பக்கத்து ஜன்னலுக்குப் போய் அந்த டம்ளரை எடுத்துவந்துவிட்டது.

விருத்தாம்பாள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டு பளபளவென்று புதுசாக இருந்தது. புது ஆளுக்காக மறுபடி வைத்திருக்கிறார்கள். அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அருண்குமார் காபியைக் குடித்துவிட்டுப் பையைத் தூக்கினார். "சரிங்க, அப்ப நான் கெளம்பறேன்."

"சார்," என்றாள் விருத்தாம்பாள். "ஒரு நிமிஷம் ஒக்காருங்க சார்."

டம்ளரை அவர் கண்ணுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"இது நான் குடிக்கிற டம்ளரு. கொல்லையில, ஜன்னல்ல தனியாக் கெடக்கும். மத்ததோட சேரக் கூடாதுன்னு பொட்டு வெச்சிருக்குது. நான் போனப்பறம் இப்ப வர்ற பொண்ணு குடிக்குது. நீங்களே சொல்லுங்க சார், நாத்தனாருக்கு எந்த வூட்லயாவது இப்பிடி டம்ளரு வெப்பாங்களா?"

காயத்ரி அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ விருத்தா, கை மறதியா எடுத்துட்டேன்டி!" என்று உள்ளே ஓடினார். ஷோகேசில் இருந்த நல்ல டம்ளர் டவராவை எடுத்துக் கழுவி, புதுக் காபி ஊற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார்.

"இதுல குடி. இதுல குடிடி."

விருத்தாம்பாள் அதைத் தொடவில்லை.

"வேணாம்மா," என்றாள். "நான் இதுலயே குடிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த அண்ணி அந்தக் கூடத்தோடு முடிந்தது. மறுபடி அம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். காயத்ரி அம்மாவுக்கும் அது உறைத்தது. டவராவோடு அப்படியே நின்றுவிட்டார். விருத்தாம்பாள் பொட்டு வைத்த டம்ளரில் இருந்த ஆறின காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குடித்துவிட்டு அருண்குமாரிடம் சொன்னாள்:

"நான் இந்த வூட்டு வேலக்காரி சார். இருவது வருஷமா. பரண்மேல பானை எடுக்கறப்ப வுழுந்தேன். எழுதிக்குங்க."

வைத்திலிங்கம் ஐயா ஒருவழியாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அது சொல்றதுதான் சார் உண்மை," என்றார். "ஏறச் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரியில பயந்துகிட்டு மாத்திச் சொல்லிட்டோம். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்." அந்த ஸ்கூட்டர் ஓட்டின மனுஷன் அன்றைக்குத் திரும்பி வந்தார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது காயத்ரி அம்மா வாசல்வரை வந்தார். அழுதுகொண்டே, "இத்தினி வருஷம் பழகிட்டு, ஒரு டம்ளருக்காக இப்பிடிச் சொல்லிட்டியே விருத்தா" என்றார்.

விருத்தாம்பாள் வாக்கரை ஊன்றி நின்றாள். "டம்ளர நான் என்னிக்காவது கேட்டனாம்மா? ஒரு கொறை சொன்னனா? நாத்தனார்னு சொன்ன அப்பறமாவது அதத் தூக்கிப் போட்டிருந்தீங்கன்னா, எங்கால வெட்டினாலும் நான் வேலக்காரின்னு சொல்லியிருக்க மாட்டேன்."

மேற்கொண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பணம் தந்தது. கேஸ் கீஸ் ஒன்றும் வரவில்லை, யாரோ கிளப்பிவிட்ட வெறும் பயம் அது. பணத்தைத் தபால் ஆபீசில் போட்டுவிட்டோம், மாசா மாசம் வட்டி வருகிறது. விருத்தாம்பாள் அவள் வீட்டிலேயே இருக்கிறாள், கஞ்சி அவளே காய்ச்சிக்கொள்கிறாள். சங்கக் கூட்டத்தில் இப்போது யாரும் சட்டி கழுவறதுக்கு இன்சூரன்ஸா என்று சிரிப்பதில்லை. எந்த வீட்டில் வேலை செய்தாலும், அடிபட்டால் வேலை செய்கிறவள் என்றே சொல்லுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை என்று நான் தொண்டை கிழியச் சொல்கிறேன். அப்போதெல்லாம் அவள் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஏனென்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் முன்சீட்டில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தேன். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம் தாங்கவில்லை. பூட்டின வாயைத் திறந்து, பொன்னிக்குப் போன் போட்டு, சங்கத்துக்குப் போன் போட்டு, ஒரே கூச்சல். புதுச்சத்திரம் தாண்டினதும்தான் திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி, இடுப்பு வலிக்குதா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். "இனிமே அவுங்கள அண்ணின்னு கூப்புட முடியாதில்ல தனக்கோடி?"

"முடியாதுடி" என்றேன்.